அந்த நடிகையின் பொட்டும் என் பொட்டும்

இன்று எங்கள் அமெரிக்க ஊரான பிஸ்கட்டவேயில், மராத்திக்காரர் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன வாரம் இறந்துபோன மராத்தி நடிகையின் பழைய படம் அங்கே டிவியில் ஓடியது. சின்ன வயசிலிருந்து கிழவி வேஷம் வரைக்கும் நடித்த மனுஷி.

தெரிந்த ஆன்ட்டி ஒருத்தர் பக்கத்தில் வந்தார். "இவ புருஷன் செத்த பதினேழாம் நாளே பொட்டு வச்சு, ஷூட்டிங்ல டான்ஸ் ஆடினவளாம்!"

"அவங்க மூணு பிள்ளைங்களுக்கு வேற யாரு ஆன்ட்டி சோறு போடுவா?"

அவர் என் நெற்றியை உற்றுப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் போய் ரெண்டு மாசம்கூட ஆகல. நீயும் பொட்டை எடுக்கலையாம்மா?"

சீ என்று ஆகிவிட்டது. காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ரெண்டு பேருக்கும் மராத்தி புரியாவிட்டாலும், அந்த நடிகை படத்தை எனக்குப் போட்டுக் காட்டியது என் வீட்டுக்காரர்தான். "உன்னை மாதிரியே பெரிய பொட்டு, பாரு" என்பார்.

நாளைக்கு இதைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு அதே கடைக்குப் போகிறேன். யாரெல்லாம் கூட வர்றீங்க?