புளித் தண்ணீரில் ஊறிய கோதுகள்

1. இரண்டு வாளி

லண்டன் வால்தம்ஸ்டோவில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்ற அந்தத் துவக்குக் கடையில் முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு வாளி நிறையக் கிடந்த, சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை நல்லது, கெட்டது என்று பிரிப்பது. பக்கத்தில் வேறு இரண்டு வாளிகள் இருந்தன. சந்தேகமானவற்றை எதில் போடுவது என்று முதலாளி ரோயிடம் கேட்டேன். சந்தேகமானது கெட்டது, மூன்றாவது வாளி கிடையாது என்றார். கழித்த கோதை அப்படியே போடவும் விடமாட்டார். குறட்டால் நெரித்துத்தான் போடவேண்டும். இல்லாவிட்டால் அது எப்படியாவது நல்ல வாளிக்குத் திரும்பி வந்துவிடும் என்பது அவருடைய அனுபவம்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பொலிஸ் அனுமதிப் பத்திரம் வைத்திருப்பவர் கிளப்பில் சேர்ந்து கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடலாம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சட்டம் மாறி அதெல்லாம் போய்விட்டது என்பதால், இன்றைய இளையவர்களுக்கு இதைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். தொழிற்சாலைத் தோட்டா விலை கூட. ஆகவே பலர் சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே பொறி கிளப்பும் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி லோட் பண்ணினார்கள். ஒரு கோது பல தடவை உழைக்கும். எப்போது அது ஓய்வு பெற வேண்டும் என்பதை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கடையில் அந்த ஒருவர் நான்.

அதற்கு முன் மின்சாரப் பிளக் செய்யும் பக்டரி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருந்தேன். சின்னச் சாமானைப் பார்த்துப் பழகிய கண். வாயில் மயிரிழை வெடிப்பு, பக்கத்தில் நெடுக்காக ஓடும் கோடு, அடியில் பிரைமர் இருக்கும் குழியின் தளர்வு, இவற்றைப் பிடிக்க எனக்கு அதிக காலம் எடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னரே காது பிடித்துவிடும். ஒரு பிடி கோதை உள்ளங்கையில் குலுக்கினால் நல்லவை சலங்கை போலக் கலகலக்கும். வெடித்தது ஒன்று இருந்தால் உடைந்த சட்டியின் ஓசை வரும்.

எனது மச்சாளுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. "அங்கை ஊர்ச் சண்டையிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீ. இங்கை வந்து துவக்குக் கடையிலையோ வேலை?" என்று கலியாண வீடுகளில் எல்லாம் கேட்பாள். இங்கே கடதாசியைத்தான் சுடுகிறார்கள் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

2. அன்ரன் அண்ணையின் ஐம்பது

கடைக்கு வந்த ஒரே தமிழ் வாடிக்கையாளர் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர். நோர்பரியில் குடும்பமாக இருந்தார், பஸ் ஓட்டினார். அவருடைய பாயின்ட் தேர்ட்டி எயிட் ரிவோல்வருக்குக் குசினி மேசையில் தோட்டா அழுத்தும் பிரஸ்ஸைப் பூட்டி அவரே தோட்டா லோட் பண்ணுவார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் ஒரே ஒரு விஷயத்துக்காகப் பயிற்சி எடுத்தார். கிளப் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் அதற்கான தெரிவுப் போட்டி. கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து அணிக்கு மாற்று ஆளாகவே இருந்தவர் அவர்.

தெரிவுக்கு முதல் நாள், சனிக்கிழமை, கடைக்கு வந்தார். ஏதும் வாங்க வரவில்லை, காட்ட வந்தார். பெட்டியைத் திறந்தார். ஐம்பது தோட்டாக்கள், கோயில் மணி மாதிரி மினுங்கின. மிஞ்சிய வெற்றுக் கோதுகள் ஒரு மார்ஜரின் டப்பாவில் கிடந்தன.

"பாரும் தங்கச்சி. உங்கடை டம்பிளர் மெஷினிலை போட்டாலும் இப்பிடி வராது."

உண்மைதான், வராது. கோதுகளைச் சுழற்றி மினுக்கும் எங்கள் மெஷினில் இருந்து வரும் கோது மஞ்சளாக இருக்கும். டப்பாவில் இருந்த ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மினுக்கத்துக்கு அடியில் இலேசான ரோஸ் நிறம். செம்பின் நிறம்.

"அண்ணை, இது என்னத்திலை கழுவினது?"

"புளியிலை. கோயில் திருநாளுக்கு மெழுகுதிரித் தண்டு மினுக்க எண்டு என்ரை மனிசி பிலோமினா ஒரு வாளி புளி கரைச்சு வைச்சவ. அதுக்குள்ளை இதையும் போட்டனான். குத்துவிளக்கு மினுக்கிற சைவ ஆக்களுக்கு நான் புளியைப் பற்றிச் சொல்லித் தரவேணுமே?"

தேவையில்லைதான். புளி பித்தளையை எப்படி வெளுக்கும் என்று எனக்குத் தெரியும். விளக்கைப் புளியோடு தேய்த்து உடனே கழுவிவிடுவோம், ஊறப் போடமாட்டோம். கனநேரம் விட்டால் புளிப்பு பித்தளையில் செம்போடு கலந்துள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். எஞ்சுவது செம்பின் நிறமும் நொய்ந்த சுவரும். விளக்குக்கு அதனால் பெரிய தீங்கில்லை. விளக்குக்குள் மருந்து வெடிப்பதில்லை.

"எவ்வளவு நேரம் ஊறினது?"

"கொஞ்ச நேரம்தான்."

நான் கோதை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"சரி, ஒரு கிழமை. தண்டுகளை அவ அண்டைக்கே எடுத்துப்போட்டா. எனக்கு ஏர்லி ஷிப்ட், மறந்து போனன்."

ஐம்பதையும் சுடவேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். இலேசான லோட், இலக்குச் சுடும் லோட், இதற்கெல்லாம் கோது வெடிக்காது என்று எனக்கே பாடம் எடுத்தார். நான் வாதாடவில்லை. டப்பாவில் இருந்து மூன்று வெற்றுக் கோதுகளை எடுத்து, அவற்றின் வாயைக் குறட்டால் மெதுவாக நெரித்தேன். நல்ல பித்தளை மடங்கிக் கொடுக்கும். முதலாவது மடங்கியது. இரண்டாவதும் மடங்கியது. மூன்றாவது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

"ரெண்டு நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"ஓம் அண்ணை. பெட்டிக்குள்ளை எது அந்த மூண்டாவது எண்டு காட்டுங்கோ. அதை மட்டும் எடுத்துப்போட்டு மிச்சத்தைச் சுடுங்கோ."

அவர் முகம் கறுத்தது. தொழிற்சாலைத் தோட்டா வாங்கினால் கையில் அடி வேறு மாதிரி இருக்கும், ஒரு இரவில் கை பழகாது, குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு வீண் என்றார். எல்லாம் சரியான பேச்சு. இதற்குள் ரோயும் வந்து மூன்றாவது கோதின் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். புளி என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. ரோஸ் நிறம் விளங்கியது. நான் கழித்தது கழித்ததுதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

அன்ரன் அண்ணை அந்தத் துண்டுகளைப் பொறுக்கி மார்ஜரின் டப்பாவுக்குள் போட்டார். கடைசியில் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, தொழிற்சாலைத் தோட்டாப் பெட்டி ஒன்றை வாங்கினார். போகும்போது வழமையாகச் சொல்லும் "வாறன்" சொல்லவில்லை. அந்த ஐம்பதையும் ரோய் அன்றைக்கே குண்டு வேறு, மருந்து வேறாகக் கழற்றினார், கோதுகளை நான் நெரித்தேன்.

3. தெரிவுக்குப் பிறகு

அவருக்கு இடம் கிடைக்கவில்லை. முதல் இரண்டு சுற்றும் தோட்டாவோடு கை பழகுவதிலேயே போனதாகவும், கடைசிச் சுற்றில் எல்லாரையும் விட நன்றாகச் சுட்டதாகவும் கிளப்பில் இருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. கோடை முடியும்வரை அவர் கடைப் பக்கம் வரவில்லை. சனிக்கிழமைகளில் கதவு மணி அடிக்கும்போது நான் நிமிர்ந்து பார்த்ததுண்டு. ஆனால் கழித்தது பிழையோ என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வந்தார். பஸ் கொம்பனி யூனிபோர்மில், கையில் ஒரு துணிப்பை. வணக்கமோ சுகமோ இல்லை.

"அந்த அம்பதிலை ஒண்டாவது வெடிச்சிருக்கும் எண்டு உமக்கு நிச்சயமே?"

"இல்லை அண்ணை."

"எல்லாம் ஒழுங்காப் போயிருக்கவும் கூடும்?"

"ஓம். போயிருக்கவும் கூடும்."

"அப்ப என்னத்துக்கு என்ரை இடத்தைப் பறிச்சனீர்?"

"போயிருக்கும் எண்டும் எனக்கு நிச்சயமில்லை. ரிவோல்வர் உங்கடை முகத்துக்கு முன்னாலையல்லோ இருக்கும்."

 தெரிவு நாளில் பிலோமினாவும் பிள்ளைகளும் தனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.  பிறகு துணிப்பையை மேசையில் கொட்டினார். மஞ்சளான கோதுகள், எங்கள் மெஷினில் சுத்தம் பண்ணியவை போல.

"பாரும். நான் நிக்கிறன்," என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

சாமானைப் பார்த்துக் கழிக்கும் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் கழித்த சாமான் ஒருபோதும் உடைந்து காட்டி உங்களைச் சரியென்று நிறுவாது. உடையவிடாமல்தானே அதைக் கழித்தீர்கள். ஆகவே அந்த நிரூபணத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சாமானைக் கொண்டு வந்தவருக்குக் கோபம் வரும், அவருக்கு இழப்பும் உண்மையாகவே இருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மறுக்காதீர்கள், தீர்ப்பை மட்டும் மாற்றாதீர்கள். அவர் அடுத்த பையையும் உங்கள் மேசையிலேயே கொட்டுகிறாரா என்று பாருங்கள். இந்த வேலையில் கிடைக்கக்கூடிய நற்சான்று அது ஒன்றுதான்.

அன்று அவர் கொண்டுவந்ததில் ஏழு கழிந்தன. ஏனென்று அவர் கேட்கவில்லை.