லோக்கல் றேற்

அன்றைக்கு அந்த விடுதியின் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றவர்கள் ஆறு பேர். கனடாவிலிருந்து மூன்று கிழமை விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணை, அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள், நான், என் மனைவி. மேசைக்குப் பின்னால் சேலை கட்டிய ஒரு பிள்ளை. வேறு எவருமில்லை. இவ்வளவு சரியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "நான் நிக்கேக்கை அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே" என்று அண்ணை பிறகு தொலைபேசியில் சாதித்தார். நின்றார். எல்லோரும் நின்றோம்.

வடகரையில் கடலைப் பார்த்துப் புதிதாகக் கட்டிய விடுதி அது. நீச்சல் குளம் உண்டு. அறைக்கு இரண்டு விலை. வெளிநாட்டுக்காரருக்கு ஓர் இரவுக்கு நாற்பத்திரண்டாயிரம், இலங்கை அடையாள அட்டை உள்ளவருக்கு இருபத்துநாலாயிரம். அண்ணைக்கு இரண்டு அறைகள் வேண்டும். வித்தியாசம் முப்பத்தாறாயிரம் ரூபாய். அதை அவர் எங்கள் இணுவில் வீட்டில், என் மனைவி சுட்ட தோசையைத் தின்றுகொண்டே கணக்குப் பார்த்தார்.

"டேய் தம்பி, நீ லோக்கல் தானே. உன்ரை ஐசியிலை ரெண்டு றூமையும் எடுப்பம். ஆறு பேரும் ஒரு குடும்பம் எண்டு பதிவம். பேந்து நீங்கள் ரெண்டு பேரும் பின்னேர பஸ்ஸிலை வீட்டை வாங்கோ."

"அப்ப நாங்கள் தங்கிறேல்லையே, அத்தான்?" என்று என் மனைவி அண்ணையிடம் கேட்டாள்.

"றூம் ரெண்டுதானே, பிள்ளை."

ஐசி என்கிற அடையாள அட்டை எனக்கு வெறும் அட்டை இல்லை. சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மறித்து அதைக் கேட்ட காலத்தில் வளர்ந்தவன் நான். வைத்திருந்தவன் வீட்டுக்கு வந்தான். வைத்திராதவனின் தாய் முகாம் வாசலில் போய் நின்றாள். இப்போது மறிப்பவர் எவருமில்லை. இருந்தும் மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போனாலும், ஒழுங்கை முகப்பில் பாண் வாங்கப் போனாலும், சட்டைப் பையில் அது இருக்கும். நடக்கும்போதே கை போய்த் தொட்டுப் பார்க்கும். "நித்திரையிலையும் ஒருக்காத் தடவிப் பாருங்கோ" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

அப்படிப்பட்டவன் ஏன் ஓம் என்றேன்? மறுத்தால் அண்ணை என்ன நினைப்பாரோ என்ற பயம். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரோ என்ற பயம். அட்டை கைவிட்டுப் போகிற பயத்தை விட அது ஒரு முழம் உயரமாக நின்றது. இதை நினைக்கும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

புறப்படுகிற காலையில் அண்ணி தன் உடுப்புகளை ஒதுக்கிவிட்டு, எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் சட்டை ஒன்றை இழுத்து எடுத்தார்.

"இது நல்லாயிருக்கு. இதைப் போட்டா லோக்கல் மாதிரி இருக்கும்."

"அக்கா, அது நான் தோட்டத்துக்குப் போடுறது."

"அதுதான் வேணும்."

கண்ணாடிக்கு முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே இரண்டு நேரத்துக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டிருந்தாள். விடுதியில் சாப்பாடு யானை விலையாம். வெளிச் சாப்பாடு கொண்டு போகக் கூடாது என்று விடுதியின் இணையத்தளத்தில் எழுதிப் போட்டிருந்ததால், பார்சல்களைத் துவாய்களுக்கு அடியில் ஒளித்தார்கள். வாடகைக்குப் பிடித்த வான் வண்டி முழுக்கக் குழம்பு மணம்.

வானுக்குள் அண்ணை பிள்ளைகளுக்குக் கட்டளை போட்டார். "உள்ளை போய் ஒரு சொல்லும் கதைக்கப்படாது. இங்கிலீஸ் வாயிலை வரப்படாது. விளங்குதே?" மூத்தது தலையாட்டியது. இளையது, "ஆர் யூ சீரியஸ், டாட்?" என்றது.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். அண்ணை எட்டி எடுத்து மளமளவென்று நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கீழே நான் கையெழுத்து வைத்தேன். அந்தப் பிள்ளை என் அட்டையை வாங்கிப் பிரதி எடுத்தாள். திருப்பித் தருவாள் என்று கையை நீட்டினேன். அவள் அதை மேசை லாச்சிக்குள் போட்டாள்.

"போகேக்கை தருவம், ஐயா."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைகளைக் காட்டியதும் அண்ணி முதலில் செய்தது, குளியலறைச் சவர்க்காரங்களையும் தேயிலைப் பைக்கற்றுகளையும் சீனிப் பொட்டலங்களையும் வாரிப் பைக்குள் போட்டதுதான். பிறகு வேலையாளைக் கூப்பிட்டு, "தம்பி, றூமிலை ஒண்டும் வைக்கேல்லையே?" என்று கேட்டார். அவன் இன்னொரு கைநிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டான். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாலை பஸ்ஸில் நானும் மனைவியும் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் என் கை வெறும் பையைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

அடுத்த நாள் கணக்கு முடிக்கப் பதிவில் பெயருள்ள ஆளே வேண்டும் என்று விடிய முதல் பஸ்ஸில் போனேன். நாற்பத்தெட்டாயிரத்தைக் காசாகக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காசு அண்ணையின் பையில் இருந்தது. ஆனால் அவர் கனடா வங்கி அட்டையை எடுத்து நீட்டினார்.

"அண்ணை, காசாக் குடுங்கோ" என்று மெல்லச் சொன்னேன்.

"உனக்கென்னடா தெரியும்? இதிலை குடுத்தா எனக்குப் பொயின்ற் சேரும். அடுத்த முறை பிளேன் ரிக்கற்றிலை குறையும்."

அந்தப் பிள்ளை அட்டையைப் பார்த்தாள். என் ஐசியைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் சட்டையைப் பார்த்தாள். "ஒரு நிமிசம்" என்று உள்ளே போனாள். முகாமையாளர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். தங்கியவர்களின் இலங்கை அடையாள அட்டைகளைக் காட்டுங்கள், இல்லையென்றால் வெளிநாட்டு விலைக்கு மிச்சம் முப்பத்தாறாயிரத்தைக் கட்டுங்கள். அதுவரை ஐசி இங்கே இருக்கும்.

அண்ணை குரலை உயர்த்தினார். சொந்த நாட்டில் தமிழனுக்குத் தமிழனே வெளிநாட்டு விலை போடுவதா என்று கேட்டார். அண்ணை வங்கி அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்து, நாற்பத்தெட்டாயிரத்தைக் காசாக எண்ணி மேசையில் போட்டார். என்னை ஒரு பக்கமாக இழுத்தார்.

"நீ நிண்டு கதைச்சு எடு. உவங்கள் தருவாங்கள்."

"தராட்டி?"

"தராட்டி என்ன? துலைஞ்சு போச்சு எண்டு பொலிஸிலை சொல்லி, புதுசு எடு. ஐசி எடுக்க எவ்வளவு வரும்? முப்பத்தாறைவிட மலிவு தானே?"

"அண்ணை, அது என்ரை ஐசி."

"கண்டறியாத ஐசி! இப்ப ஆரடா மறிக்கிறான்?"

வானுக்கு மணித்தியாலக் கணக்கில் காசு ஓடுகிறது என்று அண்ணி வாசலில் நின்று கூப்பிட்டார். போனார்கள். இளைய பெண் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர்கள் போன வானில் எனக்கு இடம் இருந்தது. என்னை ஏற்றிக்கொண்டு போக முடியாது, ஏனென்றால் நான் பிணையாக நின்றேன்.

பொலிசுக்குப் போய்த் துலைந்தது என்று பொய் சொல்வது, அவர்கள் எங்கே எப்போது என்று கேட்பது, இவர்கள் இங்கே இருக்கிறது என்று சொல்வது, எல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடியது. முகாமையாளர் ஒரு கதிரையைக் காட்டினார்.

"அண்ணை, உங்களிலை பிழையில்லை எண்டு எனக்கு விளங்குது. ஆனால் கையெழுத்து உங்கடை."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இரக்கத்தில்தான் கூசிப் போனேன். வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பி, விதை வெங்காயம் வாங்க வைத்திருந்த காசை எடுத்தேன். மனைவி தானே எண்ணித் தந்தாள். மறுபடி போய் மிச்சத்தைக் கட்ட, மத்தியானம் போல ஐசி என் கைக்கு வந்தது. வாசலைத் தாண்டுமுன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினேன்.

அவர்கள் கனடா போய்ச் சேர்ந்த பிறகு நானே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததை முதலில் இல்லை என்றார். பிறகு, "சரி, நாங்கள் கொண்டுவந்த சாமான் இருக்கல்லோ? சொக்கிளேற், சென்ற், சேட் ரெண்டு. அது ஒரு பதினாலாயிரம் வரும். அதைக் கழிச்சுப் போட்டுப் பார். மிச்சத்தைப் பேந்து பாப்பம்" என்றார்.

அந்த இரண்டு சேட்டுகளையும் நான் ஒருநாளும் போடவில்லை. சென்ற்றை மனைவி கக்கூசில் தெளித்து முடித்துவிட்டாள். சொக்கிளேற்றைத் தின்றோம், ஒளிக்கவில்லை. இருந்தும் தந்த பரிசைக் கழிக்கிற கணக்கு எனக்கு வராது. விதைப்புக்காலமும் போய், அந்தத் துண்டுத் தோட்டம் இந்தமுறை தரிசாகக் கிடக்கிறது. அண்ணை எனக்குத் தரவேண்டியது முப்பத்தாறாயிரம் ரூபாய்.