நாலாவது லெவல்

எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. இதைச் சொல்ல இருபது வருஷம் பிடித்தது. அதுவரை தினமும் ரயிலில் கன்னடப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே "ச்சே!" என்று நாட்டு நடப்புக்காக வருத்தப்பட்டும் இருக்கிறேன். படங்களைப் பார்த்துத்தான் வருத்தம். பிறந்தது குடியாத்தம், பெண் எடுத்தது கோலார் தங்கவயல். பேச்சு ரயிலிலேயே வந்துவிட்டது. எழுத்து வரவில்லை. கட்டியவளுக்கே தெரியாமல் மறைத்துவிட்டேன்.

என் லைசென்ஸ் காலாவதியானதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ராபர்ட்சன்பேட்டை வீட்டிலிருந்து ஊரிகம் ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரில் போய், அங்கே இருவரும் பெங்களூர் ரயிலைப் பிடிப்போம். அன்றுவரை நான்தான் ஓட்டினேன். மறுநாளிலிருந்து அவள் ஓட்டினாள். இரண்டு டிபன் பாக்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால்.

"இன்னா மாமே, டிரைவர மாத்திட்டியா?" என்றது ரயில் கூட்டம்.

முன் சீட்டு எனக்குத் திரும்ப வேண்டும். குடியாத்தத்தில் எடுத்த லைசென்ஸை இங்கேயே புதுப்பிக்கலாம், நாற்பது தாண்டிவிட்டதால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். சனிக்கிழமை அவளே கிளினிக்குக் கூட்டிப்போனாள். அவள் வெளியே நின்றாள்.

உள்ளே போனேன். சுவரில் கண் பரிசோதனை அட்டை. மேலிருந்து கீழ்வரை கன்னடம்.

எனக்கு முன்னால் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். டாக்டரம்மா குச்சியால் காட்டக் காட்ட, அவர் சுரங்க லிஃப்டான கேஜில் லெவல் லெவலாக இறங்குவது போலவே படித்தார்.

"மொத லெவல்ல க. ரெண்டாவது லெவல்ல ந, ம. மூணாவது லெவல்ல ர, க, ச. நாலாவது லெவல்ல ப, ர, த, ந. அதுக்குக் கீழ லைட்டே இல்லம்மா!"

"லைட் எல்லாம் கீது தாத்தா. உங்க கண்ணுலதான் புரை. ஆபரேசன் பண்ணிக்கினு வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைத் தேடினார். நான் அதைக் கவனிக்கவில்லை. க, நம, ரகச, பரதந என்று மனசுக்குள் மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் அவள் நின்றாளே!

குச்சி நகர நகர ஒப்பித்தேன். கணீரென்று. நாலாவது லெவல் முடிந்ததும் நிறுத்தினேன்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலாவதுல மொத எழுத்து ப இல்ல, வ. ரெண்டாவது ர இல்ல, ட. தாத்தா சொன்ன அதே ரெண்டு தப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணா சார்?"

பெஞ்சிலிருந்து பெரியவர், "அட, என்னப் பாத்துக் காப்பி அடிச்சிகிறாம்மா!" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு, "படிக்க வராதுங்க மேடம்" என்றேன். இருபது வருஷ நடிப்பு மூன்றே வார்த்தையில் முடிந்தது.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் இங்கிலீஷ். கடைசி வரி வரை மளமளவென்று படித்தேன். அதன் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தேன். போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சர்டிபிகேட்டோடு மிடுக்காக வெளியே வந்தேன். அதற்குள் பெரியவர் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, கையை ஆட்டி ஆட்டி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கண்ணு ஃபஸ்ட் கிளாஸா கீதாம்" என்று காகிதத்தை நீட்டினேன்.

அவள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"அந்தப் பெரியவருக்கு ஆபரேசன் பண்ணா சரியாப்பூடும். உங்களுக்கு எங்க பண்றது? குந்துங்க பின்னாடி."