எலி கடித்த கோபுரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் படமெடுக்க அட்டன் டவுனில் ஒரே ஒரு ஸ்டூடியோவுக்குத்தான் போவார்கள். அங்கே பின்னால் தொங்கவிட இரண்டு சித்திரத் திரைகள் இருந்தன. ஒன்றில் சிவனொளிபாதமலை, மற்றதில் மதுரைக் கோபுரம். ஒரு தீபாவளிக்கு நாங்கள் மூவரும் போனபோது அப்பா மலையைக் காட்டினார். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"அதத்தான் கொழுந்தெடுக்கையில தெனமும் பாக்குறோமே. கோபுரத்தப் போடச் சொல்லுங்க."

அம்மா பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில். மதுரையிலிருந்து வந்தவர்கள் அவளைப் பெற்றவர்கள்தான். ஆனாலும் அந்தக் கோவிலின் நாலு வாசலையும் நேரில் சுற்றி வந்தவள் மாதிரி அளப்பாள். நானும் நம்பிக் கேட்பேன்.

அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டபோது, குடும்பத்தோடு இங்கேயே இருக்கிறோம் என்பதற்குச் சாட்சியாக அந்தப் படத்தையும் சேர்த்து வைத்தார். மகா புத்திசாலி! இந்தியா போய் நெடுநாள் தங்கியவர்களின் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். கோபுரம்தான் கண்ணில் படவில்லை.

அட்டனிலேயே நடந்த விசாரணைக்கு மூவரும் போனோம். அதிகாரி படத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "மதுரைக்கு எப்ப போனீங்க? எத்தனை மாசம் இருந்தீங்க?"

"போகவே இல்லீங்கய்யா. அது வெறும் துணிங்க" என்றார் அப்பா.

அதிகாரி நம்பவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தாட்சியோடு வரச் சொன்னார். மனுவைத் தள்ளிவிட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. அப்பா ஸ்டூடியோவுக்கு ஓடினார். ஸ்டூடியோக்காரர் கடையைச் சாத்திவிட்டு, திரையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். அந்த மனிதரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மேசைக்கு முன்னால் கோபுரத்தை விரித்துப் பிடித்தார்கள். கோபுர வாசலருகே எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. படத்திலும் அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் அதே ஓட்டை. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மதுரையைப் பார்த்ததே இல்லை என்று அம்மாவைச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தாள். மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே, என்னத்துக்கு அழுவுற?"

"பாத்ததே இல்லேன்னு சத்தியம் பண்ணுனேன்ல," என்றாள் அம்மா. "அது நெசந்தானேங்க."