ஏழாம் மாதத்தில் ஒரு நேர்த்திக்கடன்

மயிலாப்பூர் பக்கம் ஒரு பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டால் அவள் பொதுச்சொத்து ஆகிவிடுவாள். பூக்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை ஆளுக்கொரு யோசனை கையில் வைத்திருப்பார்கள். சாந்தோமில் குடியிருக்கும் ஜூலியட் டீச்சருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஐந்து மாதம் முடியும்வரை ஈ காக்கைக்குத் தெரியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தாள். வெட்கமெல்லாம் இல்லை, பயம். முப்பத்தேழு வயதில் இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்புக் கொடுத்த கையோடு கலைந்துபோயின. இரண்டாவது முறை ரத்தம் நிற்காமல் அவளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள்.

ஆகவே இந்தத் தடவை மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரிதான் நடமாடினாள். டாக்டர் ஜலஜா சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுத்தாள். நெஞ்செரிச்சலுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கும் பழக்கத்தை விட்டாள். வகுப்பில் உட்கார்ந்துதான் பாடம் நடத்தினாள். மாமியார் ஃப்ளோரன்ஸ் தன் பங்குக்குப் பப்பாளி என்ற சொல்லையே வீட்டில் தடை செய்திருந்தார்.

ஒன்றை மட்டும் ஜூலியட் யாரிடமும் சொல்லவில்லை. போன ஈஸ்டர் சமயத்தில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா முன்னால் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தங்கினால், திருவிழாக் கொடியேற்றத்தன்று வீட்டிலிருந்து கோவில் வரை வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று. ஆகஸ்ட் கடைசியில் அப்படி எத்தனையோ பேர் காவி உடுத்திக்கொண்டு சென்னையின் எல்லாத் திசையிலிருந்தும் நடப்பார்கள், அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அன்றைக்குத் தனக்கு எத்தனையாவது மாதமாக இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. கணக்கு டீச்சர்தான், இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை.

ஏழாம் மாதத்தில் கால் வீங்கியது. ரத்த அழுத்தம் சற்றே ஏறியிருந்தது. "உப்பைக் குறைங்க, தண்ணி நிறைய குடிங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க," என்றார் டாக்டர் ஜலஜா. "தலைவலி வந்தாலோ, கண்ணு மங்கலா தெரிஞ்சாலோ, குழந்தை அசையறது குறைஞ்ச மாதிரி இருந்தாலோ உடனே வந்துடணும். காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது."

நடப்பதைப் பற்றி அப்போதே கேட்டிருக்கலாம். பங்குத்தந்தையிடம் கேட்டிருந்தால்கூட, அடுத்த வருஷம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நட என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். ஆனால் நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். நடந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். நடக்காவிட்டால் மாதா கோபித்துக்கொண்டு பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று அதைவிடப் பெரிய பயம். பெரிய பயம் ஜெயித்தது.

கொடியேற்றத்தன்று, தோழி லிண்டாவோடு ஆட்டோவில் போவதாக மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினாள். தெரு முனை திரும்பியதும் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரைக்கூட வாயில் வைக்கவில்லை. கர்ப்பிணிக்கு இதைவிட முட்டாள்தனம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் வெளியே கிளம்பும் பெண்களில் அதைச் செய்யாதவர் யார்?

பட்டினப்பாக்கம் தாண்டுவதற்குள் தார் சாலை பாதத்தைச் சுட்டது. காவிக் கூட்டம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே அவளைக் கடந்து போனது. அவளும் சொன்னாள். அடையாற்றுப் பாலத்தில் ஏறியபோது நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. வெயில்தான் என்று சமாதானம் செய்துகொண்டாள். பாலத்தை இறங்கும்போதுதான் உறைத்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து பிள்ளை ஒரு தடவைகூட அசையவில்லை.

ஓரமாக நின்று வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். கண்ணு, அம்மாவுக்கு ஒரு உதை விடு என்று கெஞ்சினாள். அசைவில்லை. நடக்கிறவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஹபீபுர் ரஹ்மான் என்ற கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. மொதல்ல இத்த குடி. கூட யாரு வந்துகிறாங்க?"

"யாரும் இல்ல, பாய்."

மோரைக் குடித்துவிட்டு இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. கோவில் இன்னும் கொஞ்ச தூரம்தான். இவ்வளவு வந்தாயிற்றே, போய்ச் சேர்ந்துவிட்டால் மாதா பார்த்துக்கொள்வாள் என்று ஒரு மனம் இழுத்தது. கடனைப் பாதியில் விட்டால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்துவிடும் என்று அதே மனம் மிரட்டியது. காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது.

"அம்மா, நான் வரல," என்றாள் கோவில் இருந்த திசையைப் பார்த்து. "முடிஞ்சா நீ வந்து பாரு."

பிறகு பாயிடம் ஓர் ஆட்டோ பிடித்துத் தரச் சொன்னாள். டாக்டரின் மருத்துவமனை காந்தி நகரில், கூப்பிடு தூரம்தான். அந்தச் சின்னப் பயணம் முழுக்க, உள்ளே செத்துப்போன பிள்ளையைச் சுமந்துகொண்டு போகிறோம் என்றே அவள் நம்பினாள். அழக்கூட வரவில்லை.

வயிற்றில் கருவியை வைத்து டாக்டர் ஜலஜா தேடினார். முதலில் வெறும் கரகரப்பு. ஜூலியட் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு டக்டக்கென்று பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்டது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அம்மா நடந்தா குழந்தைக்குத் தாலாட்டு மாதிரி, தூங்கிடும். நீங்க தண்ணி வேற குடிக்கல," என்றார் டாக்டர். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. "குழந்தை நல்லா இருக்கு. எனக்கு இப்ப கவலை உங்களைப் பத்திதான். பிரஷர் எங்கயோ போயிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்."

"அதான் டாக்டர்."

டாக்டர் அவளை உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தேனாம்பேட்டையில் ஏசி பழுது பார்த்துக்கொண்டிருந்த கணவன் டெரிக், போட்டது போட்டபடி ஓடிவந்தான். ஜூலியட் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொப்புளம் கிளம்பிய அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும்தான் வேண்டிக்கினேன், ஜூலி," என்றான் கடைசியில். "போன தபா உன்ன ரத்தத்தோட உள்ள தள்ளிக்கினு போனாங்களே, அப்ப."

"பிள்ளைக்காகவா?"

"இல்ல. கொழந்த போனா போவட்டும், இவள மட்டும் குடுத்துருன்னு கேட்டேன். அப்புறம் டாக்டர் வந்து கொழந்த இல்லன்னாங்க. நாந்தான் குடுத்துட்டனோன்னு இன்னிக்கு வரைக்கும் மனசுல கீது."

இத்தனை மாதமாகக் கேட்டுக் கேட்டு வேண்டியதில் தனக்காக ஒரு வார்த்தைகூட அவள் கேட்டதில்லை. தன் உடம்பும் ஓர் உயிர் என்பதே அவள் கணக்கில் வரவில்லை. அதற்காக ஒருவன் இரண்டு வருஷமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறான்.

"இந்தத் தடவை என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டிக்கல. இன்னா கேட்டா இன்னா ஆவுமோன்னு பயமா கீது."

"எனக்கும் பயமா இருக்குங்க," என்றாள் ஜூலியட். இத்தனை மாதத்தில் அதை ஒருவரிடம் அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.