பீரங்கிக்கு வரைந்த மலை

கோவையில் ஓவியம் படித்தபோது நான் உருப்படியாகக் கற்ற பாடம் ஒன்றுதான்: மரம் இடைஞ்சலாக நின்றால் படத்தில் தள்ளி வைத்துக்கொள்ளலாம். மலையும் காடும் வரைந்தே பிழைப்பேன் என்று திரிந்தேன். "படம் சோறு போடுமா கண்ணு?" என்று கேட்டுக் கேட்டே அப்பா என்னைப் பட்டாளத்துக்கு அனுப்பிப்போட்டார்.

என் கைவேலை அங்கே தெரிந்துபோயிற்று. எல்லையில் பதுங்குகுழிக்குள் இருந்தபடி எதிர்மலையை வரைய வேண்டும். மரம், பாறை, கூரை ஒவ்வொன்றின் மேலும் கோடிழுத்துத் தூரம் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் பீரங்கிக்காரர்கள் குறிவைப்பார்கள். முதல் படத்திலேயே ஒற்றை மரம் ஒன்றை, அழகாக இருக்கட்டுமே என்று இடப்பக்கம் தள்ளிப்போட்டேன். அதிகாரி படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ மரத்தை நகர்த்தினால் குண்டும் நகரும். அந்தப் பக்கம் நம் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று இந்தியில் சொன்னார். அதன்பிறகு என் பென்சில் இம்மியும் பிசகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், சர்வீஸ் முடியும் தறுவாயில் லீவில் வந்தேன். வெளியே வருவதா, இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பதா என்று திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். ஊரோடு இருந்து படம் வரையத்தான் எனக்கு ஆசை. வரைய வருமா என்பதுதான் பயம்.

மதுக்கரைக்குப் பக்கத்தில், எங்கள் சோளக்காட்டு மேட்டில் போய் உட்கார்ந்தேன். மலையும் ஊரும் சிமெண்ட் ஆலைப் புகையும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். சனியன், கட்டைவிரல் தானாக நீண்டு தூரம் அளந்தது! கிழித்துப்போட்டு மறுபடி வரைந்தேன். வெயில் ஏறியதும் மனைவி மோர் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, நம்ம ஊட்டையும் போட்டுட்டீங்களா?" என்று ஆசையாகக் குனிந்தாள். "வாசல்ல நம்ம புள்ளையும் நிக்கறாளே! மேல என்னுங்க நம்பரு, கதவு நம்பருங்களா? நம்முளுது அது இல்லீங்களே."

அப்போதுதான் நானே பார்த்தேன். எங்கள் கூரைக்கு மேலே நேர்க்கோடு, கோட்டின் நுனியில் தூரம். எழுதியது என் கைதான். எழுதியது எனக்கே தெரியவில்லை.

"தப்பா எழுதிப்போட்டேன் அம்மணி" என்றேன்.

இனி அந்த மேட்டில் உட்காரப் பயந்து, லீவு முடியுமுன்பே கிளம்பிப்போய் இரண்டு வருஷம் நீட்டித்துக்கொண்டேன். சம்பளத்துக்காக என்று வீட்டில் நினைத்தார்கள். மறுபடி அதே பதுங்குகுழி. எதிர்மலையில் தெரிந்தவை யார் வீட்டுக் கூரைகளோ, அவற்றின் மேல் தூரம் எழுதும்போது என் பென்சில் பிசகவில்லை.