எடைக்குப் போனவை

ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பண்டைய உலகின் ஏழு அதிசயங்கள் பாடம் வந்தாலே எனக்குக் கடுப்பாக இருக்கும். ஏழையும் வாய் வலிக்க விளக்கிவிட்டு, பிரமிடைத் தவிர மற்ற ஆறும் இப்போது இல்லை என்று முடிக்க வேண்டும். ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை நிலநடுக்கத்தில் விழுந்து, பல நூறு வருஷம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. கிடந்த சிலையையும் தூர தேசத்திலிருந்து வந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு வியாபாரி வாங்கி, உடைத்து ஒட்டகங்களில் ஏற்றிப் போனான் என்பார்கள். “மிஸ், அப்ப காயலாங்கடைக்குப் போட்டுட்டாங்களா?” என்று பின் பெஞ்சில் ஒருத்தி கேட்பாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

என் கணவர் விருதுநகர் பக்கத்துக்காரர். இங்கே வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பெரிய பவர் பிரஸ் ஒன்றை ஓட்டினார். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் ஒரே அழுத்தில் மூடியாக வந்து விழும். அந்த மிஷின் கொஞ்சம் முனகினாலும் இவருக்குச் சோறு இறங்காது. ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டு சாமிக்குக் கிடைக்காத மாலை அதற்குக் கிடைக்கும். சக்களத்தி என்றுதான் அதைச் சொல்வேன்.

அந்த வருஷம் எல்லா இடத்திலும் ஆர்டர் குறைந்துபோனது. கம்பெனி கேட்டில் பூட்டுப் போட்டார்கள். ஆயுத பூஜைக்கும் உள்ளே விடவில்லை. ஆட்கள் பூட்டுக்கே சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். “பொங்கலுக்குள்ள தொறந்துருவாங்க” என்றார் இவர். நானும் நம்பினேன்.

பொங்கல் கழிந்துதான் திறந்தார்கள், மிஷின்களை விற்க. எடுத்தவர் எங்கள் தெருவிலேயே பழைய இரும்பு வியாபாரம் செய்த பாய். கேஸ் கட்டரால் அறுக்க இருந்தவரிடம் இவரே போய் நின்றார்.

“அறுக்காதீங்க பாய். நான் கழட்டித் தர்றேன்.”

ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, எது எதோடு சேரும் என்று சாக்பீஸால் நம்பர் போட்டு வரிசையாக வைத்தார். சாக்பீஸ் என் பையிலிருந்து போனது.

ஒரு சாயங்காலம் இவர் குளிக்கப் போயிருந்த நேரம் பாய் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“எல்லாம் உருக்கத்தாம்மா போவுது. அவரு நம்பர் போட்டுக்கிட்டு இருக்காரு. மறுபடி மாட்டுவாங்கன்னு நெனைக்கிறாரு போல. எனக்குச் சொல்ல மனசு வரல. நீங்களாச்சும் சொல்லுங்க.”

வகுப்பில் ஒரு சிலையின் முடிவை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவள் நான். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோறு போடும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“அத உருக்கப் போறாங்களாம்.”

“தெரியும்” என்றார். குழம்பு ஊற்றிப் பிசைந்தார்.

“தெரிஞ்சுமா நம்பர் போடுறீங்க?”

“அதுக்காகக் கண்டமேனிக்கு அள்ளிப் போட முடியுமா? அங்க உருக்குறவனுக்காவது தெரியட்டும், இது முழுசா நின்ன ஒண்ணுன்னு.”

அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கை கழுவினார்.

“இன்னும் அடிப்பாகம் பாக்கி இருக்கு. சாக்பீஸ் இருந்தா எடுத்து வை.”

மறுநாள் வகுப்புக்கென்று வைத்திருந்த பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டேன்.